ஆஸ்பத்திரிகளின் அக்கினிப் பரீட்சை

திண்டுக்கல் திருச்சி சாலையிலுள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 2024-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி இரவு தீப்பிடித்து, ஒரு குழந்தை உள்பட ஆறு பேர் மாண்டதைத் தமிழ் மக்கள் அதற்குள் மறந்திருக்க மாட்டார்கள். மாண்டவர்கள் லிப்டுக்குள் உணர்விழந்து கிடந்தார்கள். மூச்சுத் திணறியே அவர்கள் உயிர் போயிற்று. மறுநாள் அனுதாபச் செய்திகள் வந்தன. நஷ்ட ஈடு அறிவிக்கப்பட்டது. விசாரணை நடக்குமென்று சொல்லப்பட்டது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் இத்தகைய விபத்து ஒவ்வொன்றின் பின்னும் கேட்கப்படவேண்டிய ஒரு கேள்வியை நாம் கேட்பதாக இல்லை. கட்டிடத்தில் அபாய மணி இருந்ததா, புகைபோக்கும் விசிறி இருந்ததா என்று கேட்கிறோம். அவற்றை யார், எப்பொழுது, எப்படிப் பரீட்சித்தார்கள் என்று கேட்பதில்லை. இருப்பது ஒன்று; வேலை செய்வது வேறொன்று. பரீட்சை ஒன்றினாலேதான் இரண்டுக்குமுள்ள வித்தியாசம் தெரியும்.

நாட்டில் சமீப காலத்தில் நடந்த ஆஸ்பத்திரித் தீ விபத்துக்களைத் தேதிவாரியாக எடுத்துப் பார்ப்போருக்கு ஒரு விஷயம் பளிச்சென்று புலப்படும். 2011 டிசம்பர் 9-ந் தேதி கல்கத்தாவில் தாகூரியாவிலுள்ள ஆம்ரி ஆஸ்பத்திரி எரிந்தது விடியுமுன். 2020 ஆகஸ்டு 6-ந் தேதி அகமதாபாத்தில் எட்டு கொரோனா நோயாளிகளை நெருப்பு கொண்டுபோனது பின்னிரவில். அவ்வருஷம் நவம்பரில் ராஜ்கோட்டில் நேர்ந்ததும் நள்ளிரவையொட்டியே. 2021 ஜனவரி 9-ந் தேதி மகாராஷ்டிரத்தில் பண்டாரா ஜில்லா ஆஸ்பத்திரியின் சிசுப் பிரிவில் பத்துப் பச்சிளங் குழந்தைகள் இறந்தது ஊர் உறங்கும் வேளையில். அதே வருஷம் ஏப்ரலில் விராரிலும், மே மாதம் 1-ந் தேதி பரூச்சிலும் அப்படியே. 2024 நவம்பர் 15-ந் தேதி ஜான்ஸியில் சர்க்கார் வைத்தியக் கல்லூரியின் சிசுப் பிரிவு எரிந்து அன்றே பத்துக் குழந்தைகள் மாண்டது இரவில். 2025 அக்டோபரில் ஜயப்பூர் ஸவாய் மான்சிங் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீ மூண்டதும் இரவில். பகலில் நடந்தது எதுவுமே இல்லை என்று சொல்ல நாம் முன்வரவில்லை. அகமத்நகர் சிவில் ஆஸ்பத்திரியில் 2021 நவம்பர் 6-ந் தேதி 11 பேரைப் பலி கொண்ட தீ பகலிலேயே மூண்டது. எனினும் பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. இரவில் ஆட்கள் குறைவு. விழித்திருக்கும் கண்கள் குறைவு. மூலையறையில் புகை கிளம்பினால் அதைக் கண்டு கூவுவதற்கு ஒருவரும் இரார். அபாய மணி என்ற யந்திரம் கண்டுபிடிக்கப்பட்டதே அந்த நேரத்துக்காகத்தான். நம் ஆஸ்பத்திரிகளிலோ அதைச் சோதிக்கும் சடங்கு காலை பதினொரு மணிக்கு, அதிகாரியின் ஜீப் வாசலில் நிற்கும்போது, எல்லோரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கையில் நடைபெறுகிறது.

ஆஸ்பத்திரியில் மனிதரைக் கொல்வது பெரும்பாலும் நெருப்பல்ல, புகையென்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எரியும் பொருளிலிருந்து கிளம்பும் கார்பன் மொனாக்ஸைடு என்னும் நச்சு வாயு, ரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைப் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையது. மெத்தைகளிலும் பிளாஸ்டிக் சாமான்களிலும் எரிவதனால் ஹைட்ரஜன் ஸயனைடு போன்ற விஷங்களும் உண்டாகின்றன. திடகாத்திரமான மனிதனே சில நிமிஷங்களில் தள்ளாடி விழுவான். கட்டிலோடு கட்டிலாய்க் கிடப்பவன், காலில் எடை கட்டித் தொங்கவிடப்பட்டவன், சுவாச யந்திரத்தின் குழாயை மூக்கில் தாங்கியவன் என்ன செய்வான்? ஓட்டமெடுக்க முடியாதவர்களை ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைப்பதுதானே ஆஸ்பத்திரி!

கல்கத்தாவில் என்ன நடந்தது? கார்கள் நிறுத்துவதற்கென்று அனுமதிக்கப்பட்ட அடித்தளத்தில் சாமான்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அதைக் காலி செய்யும்படி தீயணைப்பு இலாகா அந்த வருஷமே சொல்லியிருந்தது. காலி செய்யப்படவில்லை. தீ எரிந்தது அடித்தளத்தில். செத்தவர்கள் இருந்ததோ மேல் மாடிகளில். புகை மேலே ஏறி, கண்ணாடியால் இறுக மூடிய கட்டிடத்தில் வெளியேற வழியில்லாமல் அறை அறையாக நிரம்பிற்று. சுமார் தொண்ணூறு பேர் மாண்டனர். பக்கத்துக் குடிசைப் பகுதி ஜனங்கள் புகையைக் கண்டு உதவிக்கு ஓடி வந்தபோது காவலாளிகள் முதலில் அவர்களைத் திருப்பியனுப்பினார்கள் என்பதும், பிறகு அந்த ஏழைகளே கண்ணாடியை உடைத்துப் பலரை இறக்கினார்கள் என்பதும் அன்றைய பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்த விஷயம். கேரளத்திலிருந்து வந்திருந்த இரண்டு இளம் நர்ஸுகள் எட்டு நோயாளிகளை வெளியேற்றிவிட்டுத் தாங்கள் புகையில் அகப்பட்டு இறந்தார்கள்.

இது புதிய பாடமன்று. அமெரிக்காவில் கிளீவ்லண்டு நகரத்து வைத்திய நிலையத்தில் 1929 மே 15-ந் தேதி இதே கதை நடந்தது. அங்கும் அடித்தளம், அங்கும் சேமித்து வைத்த சரக்கு, அதாவது எக்ஸ்ரே படச் சுருள்கள். எரிந்த சுருள்களின் விஷப் புகை மேல் தளங்களுக்கு ஏறி 123 பேரைக் கொன்றது. கல்கத்தாவுக்கும் கிளீவ்லண்டுக்கும் இடையே 82 வருஷங்கள். கீழே எரிந்தால் மேலே சாவார்கள் என்பது அத்தனை வருஷமும் அச்சில் இருந்தது.

ஆகவே நவீன ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில் புகையைக் கட்டுப்படுத்துவதற்கென்று ஒரு தனி ஏற்பாடு உண்டு. அதை இங்கே கொஞ்சம் விவரிக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் விவரம் அறியாதவரை ஏமாற்றுவது எளிது. கூரையிலுள்ள புகையறி கருவி ஒன்று புகையைக் கண்டவுடன் மணி அடிப்பது முதல் காரியம் மாத்திரமே. அதைத் தொடர்ந்து வேறு பல காரியங்கள் தாமாகவே நடக்க வேண்டும். குளிர்காற்று யந்திரங்கள் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவையே புகையை வார்டு வார்டாக விநியோகம் செய்துவிடும். காற்றுக் குழாய்களுக்குள்ளிருக்கும் அடைப்புத் தகடுகள் விழ வேண்டும். அடித்தளத்துப் புகையை இழுக்கும் பெரிய விசிறிகள் சுழலவேண்டும். மணிக்குப் பன்னிரண்டு முறை அடித்தளத்தின் காற்று முழுவதையும் மாற்றும் சக்தி அவற்றுக்கு இருக்கவேண்டுமென்று தேசியக் கட்டிட விதித் தொகுப்பு சொல்லுகிறது. மாடிப்படிக் கூடத்துக்குள் வெளிக் காற்றைத் தள்ளும் விசிறி ஓட வேண்டும். லிப்டுகள் கீழ்த்தளத்துக்கு இறங்கிக் கதவைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும். மின்சாரப் பூட்டுப் போட்ட கதவுகள் விடுபட வேண்டும். இத்தனையும் ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவற்றால் பிரயோஜனமில்லை.

இப்பொழுது சோதனையென்ற பெயரில் நடப்பது யாது? யாராவது ஒருவர் சுவரிலுள்ள பொத்தானை அழுத்துகிறார். மணி அடிக்கிறது. "சரியாக இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். வாசற்கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வீடு முழுவதும் உறுதியென்று சொல்வதற்கு ஒப்பானது இது. அந்த மணிக்குப் பிறகு விசிறி ஓடிற்றா? எந்தப் பக்கமாகச் சுழன்றது? பராமரிப்பு வேலையின்போது மின்கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால் புகை இழுக்கவேண்டிய விசிறி எதிர்ப்புறம் சுழலும். பார்ப்பவனுக்கு ஓடுவது மட்டும் தெரியும். ஒரு காகிதத் துண்டைக் காற்றுவாயில் பிடித்துப் பார்த்தாலே உண்மை வெளிப்படும். அதைக்கூடச் செய்வோரில்லை.

மாடிப்படி விஷயத்தைச் சற்று ஊன்றிக் கவனிப்போம். படிக்கட்டுக் கூடத்தில் காற்றின் அழுத்தம் பக்கத்து நடையைவிட 50 பாஸ்கல் அதிகமாக இருக்கவேண்டுமென்பது விதி. ஐந்து மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தமே அது, அற்பமென்று தோன்றும். ஆனால் இரண்டு சதுர மீட்டர் கதவின்மேல் அது சுமார் பத்துக் கிலோ எடையாக நின்று அழுத்தும். அழுத்தம் குறைந்தால் புகை உள்ளே நுழையும். கூடினாலோ, படிக்கட்டுக்குள் திறக்கும் கதவை ஒரு கிழவியோ மெலிந்த நர்ஸோ தள்ளித் திறக்க முடியாது. தப்பிப்பதற்காக ஏற்பட்ட வழி அடைபட்ட சுவராகிவிடும். ஆகையால் இதைக் கண்ணால் பார்த்து நிச்சயிக்க இயலாது; ஒவ்வொரு தளத்திலும் அளவு கருவி வைத்து அளக்க வேண்டும். எல்லாக் கதவுகளையும் சாத்தி வைத்து ஒரு முறை அளந்தால் போதாது. தீவிபத்தில் கதவுகள் திறந்து திறந்து மூடும். ஆகவே இரண்டொரு கதவைத் திறந்து வைத்தும் அளக்க வேண்டும். முக்கியமாக, ஊர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஜெனரேட்டரின் பலத்தில் இத்தனையும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். தீப்பிடித்த கட்டிடத்தில் முதலில் போவது மின்சாரமல்லவா? மின்சாரம் இருக்கும்போது மட்டும் ஓடும் விசிறியைப் பார்த்து இன்ஜினீயர் கையெழுத்திட்டால், அந்தக் கையெழுத்து ஏட்டுச் சுரைக்காய்தான்.

படிக்கட்டின் கதவுகளைப் பற்றி இன்னொன்று. புகை தடுக்கும் அக்கதவுகளுக்குத் தாமே சாத்திக்கொள்ளும் பொறி உண்டு. எந்த ஆஸ்பத்திரியிலானாலும் சரி, போய்ப் பாருங்கள்: ஒரு செங்கல்லோ, ஒரு நாற்காலியோ, பிடியில் சுற்றிய கட்டுத்துணியோ அக்கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டிருக்கும். தள்ளு கட்டில் போக வசதியாக வைத்தது. வைத்தவரை நாம் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு நூறு முறை அக்கதவைத் தள்ளுகிறவருக்கு அதன் கஷ்டம் தெரியும். மணியடித்தால் தானே விடுபட்டுச் சாத்திக்கொள்ளும் காந்தப் பிடிகள் இருக்கின்றன. அவற்றை வாங்கிப் பொருத்துவது நிர்வாகத்தின் கடமை.

புகையறி கருவிகளின் கதி இன்னும் பரிதாபமானது. சுவருக்குச் சாயம் பூசும்போது தூசி புகாமல் அவற்றின்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டுவார்கள். சாயம் உலர்ந்து வருஷங்கள் ஆகியும் உறை கழலாது. வேறு சிலவற்றில் தூசியும் பூச்சியும் புகுந்து காரணமின்றி மணியடிக்கும். மருந்தாவி பிடிக்கும் யந்திரத்தின் மூட்டம், சமையலறை ஆவி, ஆயுத பூஜையன்று ஏற்றும் சாம்பிராணி, இவையும் அதற்குப் புகையே. இரண்டு முறை வீணாக அடித்தால், மூன்றாம் முறை இரவுக் காவலாளி அந்தப் பகுதியையே கட்டுப்பாட்டுப் பெட்டியில் துண்டித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். பிறகு பெட்டியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மஞ்சள் விளக்கென்றால் "இங்கே ஒரு பகுதிக்குக் காவல் இல்லை" என்று அர்த்தம். அதைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை ஆஸ்பத்திரிகளில் இரவு வேலையில் இருக்கிறார்? உண்மைச் சோதனையென்பது ஒவ்வொரு கருவிக்கும் அதற்கென்றுள்ள சோதனைப் புகையைக் காட்டி, பெட்டியில் சரியான இடத்தின் பெயர் தோன்றுகிறதா என்று சரிபார்ப்பது. மூன்றாம் மாடியில் புகை காட்ட, பெட்டி முதல் மாடியென்று சொன்னால், ஓடுகிறவர்கள் தவறான இடத்துக்கே ஓடுவார்கள்.

யந்திரங்களைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு மனிதர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மணி அடித்தால் நோயாளிகளையெல்லாம் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டுமென்று பலர் நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அது முடியாத காரியம். சுவாச யந்திரத்திலுள்ளவரை ஐந்து மாடி இறக்குவதற்குள் உயிர் போய்விடும். முறையென்னவென்றால், ஒரே தளத்தைத் தீத் தடுப்புச் சுவராலும் கதவாலும் இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து வைத்து, எரியும் பகுதியிலுள்ளவர்களை அடுத்த பகுதிக்குக் கட்டிலோடு தள்ளிச் சென்று கதவைச் சாத்திவிடுவதாகும். மாடியிறங்குவது அதற்குப் பிறகுதான். இது கையில் பழக்கமாக இருந்தாலன்றி நெருக்கடியில் வராது. பண்டாராவில் சிசுப் பிரிவிலிருந்த 17 குழந்தைகளில் ஏழைக் காப்பாற்ற முடிந்தது. பரூச்சில் மாண்ட 18 பேரில் இருவர் பயிற்சி நர்ஸுகள். துணிச்சலுக்கு நம் நர்ஸுகளிடம் குறைவில்லை. துணிச்சலை மட்டும் அவர்கள் கையில் கொடுத்து, ஒத்திகையை நாம் கொடுக்காமலிருக்கிறோம்.

நோயாளிகளுக்குத் தொந்தரவு என்று ஆட்சேபம் சொல்வார்கள். இங்கிலாந்தில் வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு பொத்தானை அழுத்தி மணியைச் சோதிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதனால் அந்நாட்டு நோயாளிகளுக்கு எக்கேடும் விளைந்துவிடவில்லை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் ஒவ்வொரு வேளை ஆட்களுக்கும் தனித்தனியே, ஒத்திகை நடத்தவேண்டுமென்பது விதி. இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரையில் நடத்தும் ஒத்திகைக்கு மணியடிக்காமல் சங்கேத அறிவிப்பினாலேயே ஆட்களைக் கூட்டலாமென்று அவ்விதியே சலுகையும் தருகிறது. நோயாளி தூங்கலாம்; நர்ஸும் காவலாளியும் ஓடிப் பழகலாம். அந்நிய தேசத்தான் செய்வதையெல்லாம் நாமும் செய்யவேண்டுமென்று நாம் ஒருபோதும் வாதாட மாட்டோம். இது அறிவோடு செய்த ஏற்பாடு. ஆகவே எடுத்துக்கொள்ளத் தக்கது.

செலவு என்பது மற்றோர் ஆட்சேபம். பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் இதைச் சொல்லும்போது நமக்கு நகைப்பே உண்டாகிறது. பளிங்குத் தரைக்கும் நீரூற்றுக்கும் பணம் இருக்கிறது. அளவு கருவியோடு ஒருவரை வருஷம் இரண்டு தடவை அழைப்பதற்குப் பணமில்லையாம்! சின்ன ஊர்களில் பத்துப் பதினைந்து கட்டில்களோடு நடக்கும் நர்ஸிங் ஹோம்கள் வேறு விஷயம். அவற்றில் பெரிய விசிறிகள் இரா, இருக்கவேண்டிய அவசியமுமில்லை. திறக்கக்கூடிய ஜன்னல்கள், சாமான் அடைக்காத இரண்டாவது படிக்கட்டு, வேலை செய்யும் மணி, பழகிய ஆட்கள், இவையே அவற்றுக்குப் போதும். இவற்றைச் சோதிக்க அரை மணி நேரமும் ஆகாது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளைப் பற்றித்தான் நமக்கு அதிகக் கவலை. பண்டாராவும் ஜான்ஸியும் ஜயப்பூரும் சர்க்கார் ஸ்தாபனங்கள். வைத்திய இலாகா நோயாளிக்கும், பொதுப்பணி இலாகா கட்டிடத்துக்கும், அதன் மின்சாரப் பிரிவு கம்பிகளுக்கும், தீயணைப்பு இலாகா சர்ட்டிபிகேட்டுக்கும் பொறுப்பு என்று பொறுப்பு நான்காகப் பிரிந்திருக்கும் இடத்தில் மஞ்சள் விளக்கை யாரும் தம்முடையதென்று ஏற்க மாட்டார்கள்.

சட்டமோ உத்தரவோ இல்லாத குறையல்ல. ராஜ்கோட் விபத்துக்குப் பிறகு சுப்ரீம் கோர்ட்டு 2020 டிசம்பர் 18-ந் தேதி, ஒவ்வொரு கொரோனா ஆஸ்பத்திரிக்கும் தீப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரியொருவரை நியமிக்க வேண்டுமென்றும், ஜில்லாதோறும் கமிட்டி அமைத்து மாதம் ஒரு முறையாவது தணிக்கை செய்ய வேண்டுமென்றும் உத்தரவிட்டது. ஐந்து மாதங்களுக்குள் பண்டாரா, விரார், பரூச்! பரூச் எரிந்து இரண்டு மாதம் கழித்து, கட்டிட விதிகளை மீறிய ஆஸ்பத்திரிகளுக்குக் கெடுவை நீட்டித்து குஜராத் சர்க்கார் அறிவிப்பு வெளியிட, கோர்ட்டு 2021 ஜூலையில் அதைக் கண்டித்துக் கேட்க வேண்டி வந்தது. உயிர்களுக்குக் கெடு நீட்டிக்க எந்தச் சர்க்காராலும் ஆகாதென்பது அவர்களுக்குத் தெரியாதா?

தமிழ்நாட்டில் தீயணைப்புச் சட்டம் 1985-லும், ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-லும் ஏற்பட்டவை. புதிதாக ஒரு மசோதா கொண்டுவருகிறோமென்று சொல்லி வருஷக்கணக்கில் இழுக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிப் பதிவைப் புதுப்பிக்கும்போது தீயணைப்பு இலாகாவின் சர்ட்டிபிகேட்டோடு பரீட்சைப் பதிவையும் கேட்கலாம். அந்தப் பதிவில் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, மின்சாரத்தை நிறுத்திச் செய்ததா நிறுத்தாமல் செய்ததா, எந்தப் படிக்கட்டில் எவ்வளவு அழுத்தம், பழுதான கருவிகள் எவை, அவை என்றைக்குச் சீர் செய்யப்பட்டன என்ற விவரங்கள் இருக்கவேண்டும். வருஷத்தில் ஒரு பரீட்சையாவது முன்னறிவிப்பின்றி இரவு பன்னிரண்டுக்கும் நான்குக்கும் இடையில் நடக்கவேண்டும். பழுதை உள்ளபடி எழுதுகிற இன்ஜினீயருக்குத் தண்டனை கூடாது. பழுதில்லையென்று பொய் எழுதுகிறவருக்கே தண்டனை. இன்றைக்கு நடப்பது இதற்கு நேர் மாறு: பழுதை எழுதினவன் தொல்லை கொடுப்பவன், ஒன்றும் எழுதாதவன் சமர்த்தன்.

நம் வாசகர்களில் நகரசபை அங்கத்தினர்களும், கட்சி ஊழியர்களும், தொழிற்சங்கத் தோழர்களும் பலர் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் சிநேகிதரைப் பார்க்கப் போகும்போது ஆரஞ்சுப் பழத்தோடு இரண்டு கண்களையும் கொண்டு போங்கள். படிக்கட்டின் கீழே பழைய கட்டில்கள் அடுக்கியிருக்கின்றனவா? தப்பும் கதவில் பூட்டுத் தொங்குகிறதா? கூரைக் கருவியில் உறை இருக்கிறதா? கட்டுப்பாட்டுப் பெட்டியில் மஞ்சள் விளக்கு எரிகிறதா? கண்டதைத் தேதியோடு எழுதி ஆஸ்பத்திரித் தலைவருக்கு ஒரு பிரதியும் ஜில்லா தீயணைப்பு அதிகாரிக்கு ஒரு பிரதியும் அனுப்புங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியானால், சென்ற பரீட்சையின் பதிவைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு வாங்க 2005-ம் வருஷம் முதல் உங்களுக்கு அதிகாரமிருக்கிறது. பதில் வந்தால், பரீட்சை நடந்த மணியை முதலில் பாருங்கள்.